எவ்வளவு வாங்குதிய?

என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அவர் என் கூலியைக் கேட்டார்.

லஜ்பத் நகரில் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்டில் இருந்தது அந்த மொழிபெயர்ப்பு ஏஜென்சி. தொண்ணூறுகளின் கடைசி. சோப்புத் தூள் விளம்பரம், தண்ணீர் மோட்டாரின் கையேடு, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் தாள் என்று எல்லாம் ஆங்கிலத்தில் அங்கே வந்து, பல மொழிகளாகி வெளியே போகும். நாங்கள் யாரும் அங்கே உத்தியோகத்தில் இல்லை. வீட்டில் செய்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடுத்த வேலைக்காக பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருப்போம். ஒரு வங்காளி, ஒரு மலையாள மாஸ்டர், தெலுங்குக்காரர் ஒருவர், குஜராத்திப் பெண் ஒருத்தி. அரசியல் பேசுவோம், வெங்காய விலை பேசுவோம். வார்த்தைக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் பேச மாட்டோம். மேனேஜர் ஒவ்வொருவரையும் தனியாக அறைக்குள் அழைத்து, உங்களுக்கு மட்டும்தான் இந்த ரேட், வெளியே மூச்சுவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆளாளுக்குத் தனக்குத்தான் யோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் அந்தப் பெண்மணி படியிறங்கி வந்தார். நல்ல உயரம். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ஜோல்னாப் பை. நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் சுவரோரம் நின்று எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். என் மடியில் இருந்த தமிழ் அகராதி கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"தமிழா? எவ்வளவு வாங்குதிய?" என்றார்.

நான் மாயவரத்துக்காரி. கல்யாணமாகி டெல்லிக்கு வந்து, கணவரின் சம்பளத்தைக்கூட அவரிடம் நேராகக் கேட்காதவள். ஏதோ தர்றாங்க, பரவாயில்லை என்று மழுப்பினேன். அவர் விடவில்லை. தனக்கு முதல் வேலைக்கு வார்த்தைக்கு நாற்பது பைசா சொல்லியிருப்பதாகச் சொன்னார். அதையே ஹிந்தியிலும், எல்லோருக்கும் கேட்கும்படி, ஏதோ பஸ் நம்பரைச் சொல்வது போலச் சொன்னார்.  வங்காளி செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மலையாள மாஸ்டர் தரையைப் பார்த்தபடியே, தனக்கு முப்பது என்றார். ஆறு வருஷமாக முப்பது. எனக்கு முப்பத்தைந்து. குஜராத்திப் பெண் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவளுக்கு அதிகம் என்பது அவள் பையை இறுக்கிக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

இப்படித்தான் அவர் என் வாழ்க்கைக்குள் வந்தார். கிட்வாய் நகரில் எங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி அவர்களுடைய குவார்ட்டர்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. கணவர் ஏதோ ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். மகள் மந்திர் மார்க் பள்ளியில் படித்தாள். ஊர் தென்காசிப் பக்கம். நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

அவரோடு வெளியே போவது ஒரு சங்கடம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனால், அங்கே தேங்காய் உரிக்கிற ஆளிடம் நின்றுவிடுவார். "பையா, கித்னா மில்தா ஹை?" அண்ணே, எவ்வளவு கிடைக்குது என்று. தேங்காய் ஒன்றுக்கு என்ன, நாளைக்கு எத்தனை உரிப்பாய், கத்தி உன்னுடையதா கடைக்காரனுடையதா. கன்னாட் பிளேசில் மருதாணி போடுகிற பெண்களிடம் கேட்பார். கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட் ஊதுகிறவனை, அவன் வாயிலிருந்து வாத்தியத்தை எடுக்கும் வரை காத்திருந்து கேட்பார். மாதச் சம்பளம் வாங்குகிறவர்களிடம் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலை செய்தால் காசு, செய்யாவிட்டால் இல்லை என்று இருப்பவர்களிடம்தான் கேட்பார். சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். வருமானவரி ஆபீசிலிருந்து வந்திருக்கிறீர்களா என்று ஒரு போட்டோகிராபர் கேட்டிருக்கிறான். அவருக்கு எதுவும் உறைக்காது. பதில் கிடைத்ததும் அடுத்த ஆளைத் தேடி நடக்க ஆரம்பித்துவிடுவார். அவர் நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான் பின்னால் ஓடுவேன்.

எதற்காக இப்படிக் கேட்கிறீர்கள் என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். சரோஜினி நகர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். அவருடைய அம்மா பீடி சுற்றியவர் என்று அப்போதுதான் சொன்னார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பக்கத்து ஊரில் கூடக் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா வெயிலில் நடந்தே போய் விசாரித்துவிட்டு வந்து, தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பீடி ஏஜென்ட் சில வாரம் அவருக்கு மட்டும் இலை கொடுக்கவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் தெருவுக்கே கூலியை ஏத்திட்டான். எங்கம்மைக்கும் ஏத்தினான். ஆனா அவ கட்டுல மட்டும் பாதிய கழிவுன்னு ஒதுக்கிப் போட்டுருவான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டார்.

ஜன்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கம்பளிச் சால்வை விற்கிற கடைகளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் பெரிய கேமராவோடு நின்றுகொண்டிருந்தாள். இவர் நேராக அவளிடம் போனார். இவருடைய ஆங்கிலம் எழுத்தில் சுத்தமாக இருக்கும். பேசினால் தென்காசி வாசம் தூக்கலாக வரும். அதைப் பற்றியும் அவர் கவலைப்பட்டதில்லை. அவள் போலந்துக்காரி, பத்திரிகைகளுக்குத் தனியாகப் படம் எடுத்து விற்கிறவள். கேட்ட கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொன்னாள். இதே படத்தை அவள் ஊர்ப் பத்திரிகைக்கு விற்றால் ஒரு விலை, லண்டனுக்கு விற்றால் அதைப்போலப் பல மடங்கு, அமெரிக்காவுக்கு விற்றால் இன்னும் மேலே. "படம் அதேதானே?" என்று இவர் கேட்டார். அதேதான் என்றாள். பிறகு அவள் பதிலுக்கு, உங்களுக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டாள். இவர் சொன்னார். ஒரு எழுத்துக்கா என்றாள். வார்த்தைக்கு என்றார். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இல்லை, எழுத்துக்குத்தான் இருக்கும், நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள் என்று மென்மையாகத் திருத்தினாள். இவர் மறுக்கவில்லை. திரும்பி வரும் வழியில் அவர் யாரிடமும் கூலி கேட்கவில்லை. 

அதற்கப்புறம் கேள்வி இந்தியாவைத் தாண்டிவிட்டது. சரோஜினி நகரில் மாடியில் ஒரு சைபர் கஃபே இருந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அங்கே போய்விடுவார். உலகம் முழுவதும் இருக்கிற மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் பெயர், மொழி, வாங்குகிற கூலி எல்லாவற்றையும் போட்டு வைக்கிற ஒரு இணையதளத்தை எப்படியோ கண்டுபிடித்திருந்தார். மற்றவர்கள் ராசிபலன் படிப்பதுபோல அதைப் படித்தார். அர்ஜென்டினாக்காரி ஸ்பெயின்காரியைவிடக் குறைவாக வாங்குகிறாள், எகிப்தில் இருப்பவன் லண்டனுக்குக் குடிபோனதும் கூலியை இரண்டு மடங்காக்கிவிட்டான், ஜப்பானில் வார்த்தைக்கு அல்ல எழுத்துக்கு என்று, சாயங்காலம் பால் வாங்க வரும்போது எனக்குச் சொல்வார். எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். எல்லாம் மனதில் இருக்கும்.

ஒருநாள் காலையில் அவசரமாக வந்து கதவைத் தட்டினார். "தேடித் தேடிப் பாத்துட்டேன். உலகத்துல நம்மளவிடக் கம்மியா வாங்குதவ ஒருத்தியும் இல்ல," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

பேஸ்மென்டில் இருந்தவர்களை ஒன்றுசேர்க்க அவர்தான் முயன்றார். அதிகம் இல்லை, எல்லோருக்கும் ஒரே ரேட், வார்த்தைக்கு அறுபது பைசா. அதற்குக் கீழே யாரும் வேலை எடுப்பதில்லை. குழந்தைகள் கிரிக்கெட் ஆடும் எங்கள் காலனிப் பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். வங்காளிகூட வந்திருந்தார். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தோம். பிறகு மலையாள மாஸ்டர் சத்தமில்லாமல் ஒரு வேலையை வாங்கிக்கொண்டு போனது தெரியவந்தது. எனக்கு ஆத்திரம். அக்காவோ, அவருக்குக் கல்யாண வயசுல ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு என்று மட்டும் சொன்னார்.

ஆனால் மேனேஜரும் பயந்திருந்தார். எல்லோருக்கும் ஐம்பது என்று ஏற்றினார். மாஸ்டருக்கும் ஐம்பது, எனக்கும் ஐம்பது. அக்காவுக்கு மட்டும் அதற்குப் பிறகு வேலையே வரவில்லை. தமிழ் எல்லாம் என்னிடமே வந்தது. நான் அதைக் கொண்டுபோய் அவரிடம் பாதி கொடுத்தேன். முதல் தடவை வாங்கிக்கொண்டார். இரண்டாம் தடவை வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த மாதங்களில்தான் அவர் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுத ஆரம்பித்தார். சைபர் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கட்டி, நின்றுகொண்டே தட்டச்சு செய்வார். பெரும்பாலும் பதில் வராது. கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி பதில் போட்டார். மருந்து டப்பாவுக்குள் வைக்கும் தாள்களைத் தமிழில் செய்ய ஆள் வேண்டும், என்ன கூலி எதிர்பார்க்கிறீர்கள் என்று. அக்கா எழுதிய பதிலை எனக்குக் காட்டினார். என்ன வேண்டும் என்று அதில் இல்லை. உங்கள் ஊரில் இதே வேலைக்கு ஜெர்மன்காரருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். போச்சு, இனி எழுத மாட்டார்கள் என்றேன். எழுதினார்கள். ஜெர்மன் கூலியில் பாதிதான் தர முடியும் என்று எழுதினார்கள். அந்தப் பாதி, பேஸ்மென்டில் கிடைத்ததைப்போல எட்டு மடங்கு.

பணம் வந்தபோது அவர் கணவர் நடுங்கிப்போனார். சாதுவான மனிதர், காலையில் டிபன் கேரியரோடு சார்ட்டர்ட் பஸ் பிடித்து, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புகிறவர். அரசாங்க ஊழியர் மனைவிக்கு ஜெர்மனியிலிருந்து பணம் வருகிறது என்றால் ஆபீசில் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குப் பயம். மேலதிகாரிக்கு விளக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பதில் வரும் வரை சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அந்த அதிகாரி கூப்பிட்டு, தன் மருமகளுக்கும் இந்த மாதிரி ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டாராம்.

வேலை அவர் ஒருவரால் முடியாத அளவுக்கு வந்தபோது என்னையும் சேர்த்துக்கொண்டார். ஜெர்மன்காரி என்ன கொடுத்தாளோ அதை அப்படியே எனக்கும் கொடுத்தார். பேசுவது, எழுதுவது, திருத்துவது எல்லாம் நீங்கள்தானே செய்கிறீர்கள், ஒரு பங்கு கமிஷன் எடுத்துக்கொள்ளுங்கள், இதில் என்ன தப்பு என்றேன். மெய்யாகவே சொன்னேன்.

"எடுத்தேன்னு வைங்க. நாளைக்கு யாராவது எங்கிட்ட எவ்வளவு வாங்குதியன்னு கேட்டா, நான் பொய் சொல்லணும்லா?" என்றார்.

அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தது. அவரோ அந்த வருஷங்களிலும் நிம்மதியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. பாதிதானே தருகிறாள் என்பது அவருக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மறுபாதி எங்கே போகிறது என்று திடீரென்று கேட்பார், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது. எனக்கு அலுப்பாக இருக்கும். இருப்பது போதும் என்று நினைக்கிற ஆள் நான்.

பிறகு ஒருநாள் ஜெர்மன்காரி ஒரு கோப்பு அனுப்பினாள். வேறொருவர் செய்த தமிழ் மொழிபெயர்ப்பு. தரம் எப்படி என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தாள். அவர் உங்கள் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்குச் செய்யத் தயாராக இருக்கிறார் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். நான் தப்பு தேடிப் படித்தேன். அக்கா படித்து முடித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கா, நம்மளவிட நல்லாவே எழுதியிருக்கா என்றார். அப்படியே ஜெர்மனிக்கும் எழுதிவிட்டார். அன்று அவரோடு சண்டை போட்டேன். உங்களுக்குப் பைத்தியம், என் வேலையும் சேர்ந்து போகிறது என்றேன். 

கோப்பில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. அதே இணையதளத்தில் தேடி நம்பரையும் எடுத்துவிட்டார். திண்டுக்கல். வீட்டுப் போனில் வெளியூருக்குப் பேச முடியாது; எஸ்.டி.டி. பூத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். தான் யார், வீடு எங்கே, கணவருக்கு என்ன வேலை என்று சொல்லி வீட்டு நம்பரையும் கொடுத்துவிட்டு, நாங்கள் என்ன வாங்கினோம் என்பதைச் சொன்னார். "அவ அதைத் தர முடிஞ்சவதான். நீங்களும் அதையே கேளுங்க. குறைச்சு எடுக்காதிய," என்றார்.  அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள்.

அவள் அந்தக் கூலியைக் கேட்டாள் என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. அந்த மதியம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். போன் அடித்தது. அக்கா எடுத்தார். திண்டுக்கல் பெண்தான். அவள் கேட்டதும் ஜெர்மன்காரி பேரம்கூடப் பேசாமல் மொத்தத் தமிழ் வேலையையும் டெல்லியில் ஏதோ ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடம் வரை அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "உங்களுக்குக் கவர்மென்ட் வீடு இருக்கு, சம்பளம் வருது. எனக்கு இது ஒண்ணுதாங்க இருந்துச்சு. நான் உங்ககிட்ட வந்து கேட்டனா?"

அக்கா, ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டே நின்றார். போனை வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தார், பாதியில் எழுந்தார். காய்ந்த துணியை மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். பை எடுத்துக்கொண்டு மார்க்கெட் போய்விட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார். கேட்கச் சொன்னது தப்பா என்று என்னிடம் கேட்டார். அவர் பாதியில் விட்ட வெண்டைக்காயை நான் எடுத்து நறுக்கினேன். தப்பா இல்லையா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

அப்போது அவர் கையில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு வேலை இருந்தது, தையல் இயந்திரக் கையேடு. அதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். முதலில் அவள் வேண்டாம் என்றாள். இரண்டு நாள் கழித்துச் சரி என்றாள். பிறகு வந்ததில் எல்லாம் பாதி திண்டுக்கல்லுக்குப் போனது. இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வேலையைப் பற்றி மட்டும் மெயில் போட்டுக்கொள்வார்கள்.

அடுத்த வருஷம் அவளே போன் செய்தாள். குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. மதுரை டாக்டர் ஒருவர் டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார். செலவு குறைவு, கை தேர்ந்த ஆள் இருக்கிறார் என்று. டெல்லியில் அவளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் இவருடையது. கிட்வாய் நகரிலிருந்து அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையும் அந்த இரண்டு அறை வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தார்கள். ஸ்டேஷனில் முதன்முதலாகப் பார்த்தபோது அந்தப் பெண் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றாள். அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு, பிரீபெய்டு ஆட்டோ வரிசைக்கு முன்னால் நடந்துவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படிப்பதாகக் கேள்வி. அக்காவின் கணவருக்கு அடுத்த வருஷமே கவுஹாத்திக்கு மாற்றலானது. கொஞ்ச காலம் மெயில் வந்தது. அங்கே தேயிலை பறிக்கிறவர்களுக்குக் கிலோவுக்கு என்ன தருகிறார்கள் என்று ஒன்றில் எழுதியிருந்தார். பிறகு நானும் வீடு மாறினேன், தொடர்பு விட்டுப்போயிற்று.

அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரம்தான். ஆபரேஷனுக்கு முன்னால் ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். அங்கே தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. டாக்டர் சொல்வது புரியாமல், பெஞ்சில் பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். திண்டுக்கல் பெண்ணுக்காக உள்ளே போய் வந்துகொண்டிருந்த அக்கா, போகிற போக்கில் அவர்களுக்கும் பேச ஆரம்பித்திருந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மனைவியைக் கொண்டுவந்திருந்தார். அந்த அம்மாவுக்கு என்ன நோய், எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பதையெல்லாம் டாக்டரிடம் கேட்டு, ஒவ்வொரு வார்த்தையாக அவருக்கு அக்கா தமிழில் சொன்னார். அவர் பயந்து பயந்து கேட்டதை டாக்டருக்கு ஹிந்தியில் சொன்னார். முற்பகல் முழுவதும் இப்படிப் போனது.

வெளியே வந்ததும் அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்தார். "எவ்வளவும்மா ஆச்சு? வெட்கப்படாம சொல்லுங்க," என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார், நோட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்ப்பதுபோல இருந்தது. எந்த நாட்டில் யார் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டால் உடனே சொல்லக்கூடியவர். உதட்டை நனைத்துக்கொண்டார். "இருங்க, சொல்லுதேன்," என்றார்.

அதற்குள் உள்ளேயிருந்து திண்டுக்கல் குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விரைந்தார். அந்த மனிதர் நோட்டுகளை நீட்டிய கையோடு, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.